முன்பாரம்



டாலஸ் மாநகரின் இந்த மண்டபத்திலே கம்பனைப் பற்றிய பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறீர்கள். சிலப்பதிகாரத்தைப் பற்றியும் திருமூலரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயமோ, ஒரு பிக்கப் டிரக்கின் பின்னால் வாடகை டிரெய்லரைப் பூட்டி, அதன்மீது ஒரு காரை ஏற்றி, ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு அபாயமின்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பது. இது மேடைக்குரிய பொருளா என்று யாரேனும் ஐயுறலாம். உயிரோடு சம்பந்தப்பட்ட எந்த விஷயமும் மேடைக்குரியதே என்பது என் துணிபு. அதிலும், மனைவி மக்களை உடன் அமர்த்திக்கொண்டு, வாழ்நாளில் ஒருமுறைகூட டிரெய்லர் இழுத்தறியாத ஓர் இளைஞன், ஒரு சனிக்கிழமை காலையில் வாடகைக் கடைக்குப் போய்க் கையெழுத்திட்டுவிட்டு, அரைமணி நேரத்தில் நெடுஞ்சாலை ஏறிவிடுகிறான் என்றால், அவனிடம் யாராவது ஒருவர் நின்று நிதானமாகப் பேசியாக வேண்டுமல்லவா? அந்தப் பேச்சுத்தான் இன்றைய பேச்சு.

நம்மவர் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். இந்த நாட்டிலே உத்தியோகம் ஓரிடத்தில் நிலைப்பதில்லை. பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஒரு குடும்பம் டாலஸைவிட்டு டென்வருக்குப் போகிறது. இன்னொரு குடும்பம் அட்லாண்டாவைவிட்டு ஆஸ்டினுக்கு வருகிறது. வீட்டில் வண்டிகள் இரண்டு. நெடுந்தூரம் ஓட்டத் தெரிந்தவர் ஒருவர். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும்? டிரெய்லரில்தான் முடியும். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த 1945 ஆம் ஆண்டிலே, குடிபெயரத் துடித்த குடும்பங்களுக்கு ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டுவிடக்கூடிய டிரெய்லர் கிடைக்கவில்லை என்பதைக் கண்ட லெனார்ட் ஷோன் என்ற இளைஞரும் அவர் மனைவி ஆன்னா மேரியும், வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஜ்ஃபீல்டு என்ற சிற்றூரிலே தொடங்கிய தொழில்தான், இன்று நாம் தெருக்கோடிதோறும் ஆரஞ்சு வர்ணத்தில் காணும் யூ-ஹால். அதற்குப் பதினோரு ஆண்டு கழித்து, 1956 இல், அமெரிக்க அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களுக்கிடையே பெருஞ்சாலைகளை விரித்தது. சாலையும் வந்தது, சாதனமும் வந்தது, சாதாரண ஓட்டுநர் உரிமமே இவ்வளவு சுமையை இழுக்கப் போதும் என்ற அனுமதியும் இருக்கிறது. பயிற்சி ஒன்றுதான் யாருக்கும் யாரும் தருவதில்லை.

வாடகைக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி என்ன தெரியுமா? "என் டிரக் இதை இழுக்குமா?" என்பது. நண்பர்களே, இழுக்கும். இன்றைய பிக்கப்புகளில் பெரும்பாலானவை ஒரு காரையும் டிரெய்லரையும் சமதரையில் இழுத்துவிடும். இழுப்பதிலா அபாயம் இருக்கிறது? பின்னால் வருகிற சுமை நேராக வருமா என்பதிலே இருக்கிறது. வேண்டிய இடத்தில் நிற்குமா என்பதிலே இருக்கிறது. நேராக வருவதும் நிற்பதும் எஞ்சினின் குதிரைசக்தியால் நிர்ணயிக்கப்படுவன அல்ல. வண்டி புறப்படுவதற்கு முன்னால், நின்ற இடத்திலேயே, சுமை எங்கே வைக்கப்பட்டது என்பதனாலேயே பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகின்றன. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாலையில் தெரிந்துகொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் குடும்பத்தோடு இங்கிருந்து டென்வருக்குக் குடிபெயர்ந்தேன். ஏறத்தாழ 800 மைல் பயணம். பிக்கப்பின் பின்தொட்டியில் மெத்தைகளும் துணிப் பெட்டிகளும். டிரெய்லரின்மேல் என் மனைவியின் கேம்ரி கார். பின்தொட்டியில் இடம் போதவில்லை. காரின் டிக்கி காலியாகத்தானே போகிறது என்று எண்ணி, கனமான சாமான்களையெல்லாம் அதில் அடைத்தேன். கோயம்புத்தூரிலிருந்து கப்பலில் வந்த மாவரைக்கும் கிரைண்டர், கல்லோடு; நான்கு பெட்டி புத்தகங்கள்; பித்தளைப் பாத்திரங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு 200 பவுண்டு இருக்கும். காரை டிரெய்லரில் ஏற்றும்போதும், முன்சக்கரங்கள் முன்தடுப்பைத் தொடுவதற்கு ஓர் அடி இருக்கையிலேயே, இது போதும் என்று நிறுத்திவிட்டேன்.

விசிட்டா ஃபால்ஸைத் தாண்டி அமரில்லோவை நோக்கி 287 ஆம் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கிறோம். தடையின்றிக் காற்று வீசும் வெட்டவெளி. 65 மைல் வேகம். சாலை சற்றே இறக்கமாகிறது. அப்போது ஒரு பெரிய சரக்கு லாரி எங்களைக் கடந்து சென்றது. அது கிளப்பிய காற்று டிரெய்லரின் பின்புறத்தை ஒரு தள்ளுத் தள்ளியது. டிரெய்லர் இடப்பக்கம் சாய்ந்தது. நான் திருப்புச் சக்கரத்தைத் திருப்பினேன். அது வலப்பக்கம் வந்தது. முன்னைவிட அதிகமாக வந்தது. மீண்டும் இடம், அதைவிட அதிகம். கண்ணாடியில் பார்க்கிறேன்: கேம்ரியின் விளக்கு ஒருமுறை இந்தக் கண்ணாடியிலே தெரிகிறது, மறுமுறை அந்தக் கண்ணாடியிலே தெரிகிறது. பிக்கப்பின் பின்புறத்தையே யாரோ இருபுறமும் பிடித்து உலுக்குவதுபோல் இருக்கிறது. என் கால் தன்னையறியாமல் பிரேக்கை நோக்கிப் போயிற்று. அப்போது பக்கத்தில் இருந்த என் மனைவி கத்தினார்: "பிரேக் வேண்டாங்க! காலை எடுத்துடுங்க, காலை எடுத்துடுங்க!"

கடைக்காரர் கொடுத்த சிறு கையேட்டை முந்திய இரவு படித்தவர் அவர்தான். நான் கையெழுத்து மட்டும் போட்டவன். காலை எடுத்தேன். சக்கரத்தை நேராகப் பிடித்துக்கொண்டு, திருப்பாமல், சும்மா இருந்தேன். அந்த நான்கைந்து விநாடிகள் சும்மா இருந்ததுபோல் என் வாழ்நாளில் வேறு எந்தக் காரியமும் எனக்குக் கடினமாக இருந்ததில்லை. வேகம் 60 ஆயிற்று, 50 ஆயிற்று, ஆட்டம் சிறுத்தது, 45 இல் அடங்கிற்று. சாலையோரம் ஒதுங்கி நின்றபோது பின்னிருக்கையில் என் மகள் அழவில்லை, பேசவும் இல்லை.

எங்களைப் பார்த்துத் தம் பழைய பிக்கப்பை நிறுத்திவிட்டு ஒரு முதியவர் இறங்கி வந்தார். அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர். அவர் டிரெய்லரைச் சுற்றிப் பார்க்கவில்லை. டயரைத் தட்டிப் பார்க்கவில்லை. என் டிரக்கின் பின்புறத்தை மட்டும் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். அது சுமையே ஏறாததுபோல் நிமிர்ந்து நின்றது. பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "காரின் டிக்கியில் என்ன வைத்திருக்கிறாய்?"

அந்தக் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில், அந்த டெக்ஸாஸ் வெட்டவெளியிலே, எனக்கு எங்கள் ஊர் வண்டிக்காரரின் குரல் கேட்டது. கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. விடுமுறையில் வில்வண்டியின் பின்புறத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது எங்களுக்கு ஆனந்தம். நாலைந்து பிள்ளைகள் அப்படி உட்கார்ந்தால் வண்டிக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொல்லுவார்: "தம்பி, கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க. பின்பாரமா இருக்குது." திரும்பிப் பார்க்காமல் அவருக்கு எப்படித் தெரிந்தது? மாட்டின் கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வண்டி பின்பாரமானால் நுகத்தடி மேலே எழும்பும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். மாடு காலூன்றி இழுக்க முடியாமல் தவிக்கும். அதே வண்டி அளவுக்கு மீறி முன்பாரமானால், நுகத்தடி கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். நெல் மூட்டை அடுக்கும்போது இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, இலேசான முன்பாரமாக வண்டியை விட்டாரே, அந்த மனிதரிடம் என்ன எந்திரம் இருந்தது? என்ன தராசு இருந்தது? ஆயினும் இன்று டிரெய்லர்த் தொழிலில் டங் வெயிட் என்று சொல்லி, அளந்து, அட்டவணையிட்டு வைத்திருக்கிறார்களே, அது அவர் அறிந்த முன்பாரமேதான். வேறு ஒன்றும் இல்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் இன்று வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் எனக்குப் போதும்.

முன்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்? டிரெய்லரும் அதன்மேல் உள்ள சுமையும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்குவரை டிரக்கின் பின்புறத்தை அழுத்த வேண்டும். கணக்கைப் பிரத்தியட்சமாகப் போட்டுப் பார்ப்போம். யூ-ஹாலின் கார் ஏற்றும் டிரெய்லர் காலியாகவே ஏறத்தாழ 2,200 பவுண்டு. கேம்ரி போன்ற கார் ஏறத்தாழ 3,300 பவுண்டு. இரண்டும் சேர்ந்து 5,500. அதில் பத்தில் ஒரு பங்கு 550 பவுண்டு. சரி, காரை முன்தடுப்புக்கு ஓர் அடி பின்னாலேயே நிறுத்திவிட்டேன் என்றேனே, அந்த ஓர் அடியின் விலை என்ன? டிரெய்லரின் நுனிக்கும் அதன் சக்கரங்களுக்கும் இடையே 12 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,300 பவுண்டு ஓர் அடி பின்னால் போனால், நுனியிலிருந்து 275 பவுண்டு கழிந்துவிடும். பாதி முன்பாரம் போய்விட்டது! டிக்கியில் வைத்த 200 பவுண்டு, சக்கரங்களுக்கு ஆறடி பின்னால் இருந்தது. அது இன்னும் 100 பவுண்டைத் தூக்கிவிட்டது. ஆக 550 இருக்க வேண்டிய இடத்தில் 175. பண்ணைக்காரர் கண்ணுக்கு என் டிரக் நிமிர்ந்து தெரிந்ததில் என்ன அதிசயம்?

காரை எப்போதும் முகம் முன்னோக்கி ஏற்று என்று சொல்லுவதற்கும் இதுவே காரணம். முன்சக்கரம் இயக்கும் கார்களில் எஞ்சினும் கியர்ப்பெட்டியும் முன்னே இருப்பதால், எடையில் நூற்றுக்கு 60 பங்கு முன்சக்கரங்களின்மேல் நிற்கிறது. இறக்க வசதியாக இருக்கும் என்று ஒருவர் காரைப் பின்பக்கமாக ஏற்றினால், அந்த 60 பங்கையும் வாலில் கொண்டுபோய் வைக்கிறார். வால் கனத்த டிரெய்லர் கடிகாரத்தின் ஊசற்குண்டு போன்றது. ஒருமுறை தள்ளினால் தானாக ஆடும். வேகம் கூடினால் ஆட்டம் பெருகும். அதனோடு போட்டியிட்டு ஓட்டுபவர் சக்கரத்தைத் திருப்பினால், ஒவ்வொரு திருப்பமும் ஊஞ்சலை உந்தும் கையாகிவிடும். பிரேக்கை மிதித்தாலோ முன்வண்டி தேங்கும். பின்வண்டி தன் கனத்தால் முன்னே பாயும். இரண்டும் நடுவில் மடங்கிக் கத்தரிக்கோல்போல் ஒன்றை ஒன்று தாக்கும். ஆகவேதான் ஆடும்போது செய்யத்தக்கது ஒன்றே: முடுக்கியிலிருந்து காலை எடுத்து, சக்கரத்தை நேராகப் பிடித்து, ஆட்டம் தானே அடங்கும்வரை பொறுத்திருப்பது. அடங்கியபின், இனிப் பார்த்துப் போய்விடலாம் என்று மறுபடி புறப்படுவது மகாபாபம். சுமையை மாற்றி வைக்காமல் ஓர் அடிகூடப் போகலாகாது என்பதே நியதி. நாங்கள் சாலையோரத்தில் காரை நகர்த்த வழியில்லாததால், அபாய விளக்கு எரிய, 35 மைல் வேகத்தில் சில்ட்ரஸ் என்ற ஊர்வரை ஊர்ந்து சென்று, அங்கே ஒரு பெட்ரோல் நிலையத்தின் சமதரையில் வேலையை முடித்தோம். கிரைண்டர் கல்லை நானும், எங்களோடு கூடவே வந்த அந்தப் பண்ணைக்காரரும் தூக்கிப் பின்தொட்டியில், சாமான்களைச் சற்று ஒதுக்கி, ஓட்டுநர் அறைக்கு ஒட்டினாற்போல் வைத்தோம். அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். அப்படியானால் முன்பாரத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாமா? கூடாது. மாட்டின் கழுத்தை மறந்துவிடாதீர்கள். உங்கள் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு பொருந்தும் தூணிலே ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும். பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேற்படலாகாது என்று அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் பத்தாயிரம் பவுண்டு இழுக்கும் என்று பறையடித்த டிரக்கிலும் இந்த எண் 1,500 ஆக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த 1,500 இல் நீங்களும் மனைவியும் மக்களுமாக 600. பின்தொட்டிச் சாமான் 500. டிரெய்லரின் முன்பாரம் 550. கூட்டிப் பாருங்கள்: 1,650. இழுக்கும் சக்தி ஏராளமாக மிச்சமிருக்கிறது. தாங்கும் சக்தி தீர்ந்துவிட்டது! டிரக்கின் பின்புறம் அமிழும். முன்சக்கரங்கள் சாலையை அழுத்திப் பிடிக்கும் பலத்தை இழக்கும். திருப்பினால் திரும்புவது மந்தமாகும். இரவிலே உங்கள் விளக்கொளி எதிரே வருகிறவர் கண்ணில் போய்ப் பாயும். என் தாழ்மையான அபிப்பிராயம், விளம்பரத்து எண்ணை மறந்துவிட்டுக் கதவுத் தூணின் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள் என்பதே. டிரெய்லரைப் பூட்ட டிரக்கின் பின்புறத்தில் உள்ள ஹிட்சுக்கு ஓர் எல்லை, அதில் செருகும் கம்பிக்கு ஓர் எல்லை, பந்துக்கு ஓர் எல்லை, டிரக்குக்கு ஓர் எல்லை என்று நான்கு எல்லைகள் இருந்தால், நான்கிலும் சிறியது எதுவோ அதுவே உங்கள் எல்லை.

பந்து என்றேன். டிரக்கையும் டிரெய்லரையும் ஒன்றாக்குவது கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் உருக்குப் பந்துதான். அதன் அளவுகள் மூன்று வழக்கில் உள்ளன: ஒன்றே முக்காலே அரைக்கால் அங்குலம் ஒன்று, 2 அங்குலம் ஒன்று, இரண்டே காலும் வீசமும் சேர்ந்த பெரியது ஒன்று. முதல் இரண்டுக்கும் வித்தியாசம் அரைக்கால் அங்குலம், கண்ணுக்குத் தெரியாது. பந்தைக் கவ்வ டிரெய்லரின் நுனியில் உள்ள இரண்டங்குலக் கப்ளருக்குள் சிறிய பந்தை வைத்துப் பூட்டினால் பூட்டிக்கொண்டது போலவே தோன்றும். பத்து மைல் போகவும் போகும். பிறகு ஒரு பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது கப்ளர் பந்தைவிட்டு மேலே எழும்பிவிடும். ஆகவே கண்ணை நம்பாதீர்கள். பந்தின் உச்சியிலே அதன் அளவும் தாங்கும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். விரலால் துடைத்துப் படியுங்கள். பூட்டியபின் டிரெய்லரின் நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பாருங்கள். கப்ளர் பந்தைக் கவ்வியிருந்தால் டிரக்கின் பின்புறமும் கூடவே எழும்பும். கவ்வவில்லையென்றால் நுனி மட்டும் தனியே வரும். அந்த ஒரு கணச் சோதனையைச் செய்யாமல் புறப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

அத்தனையும் செய்தும் கப்ளர் கழன்றுவிட்டால்? அதற்காகத்தான் இரண்டு சங்கிலிகள். அவற்றை நேருக்கு நேராக மாட்டாமல், டிரெய்லரின் மூக்குக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டு மாட்ட வேண்டும். ஏன் குறுக்காக? குழந்தைக்குத் தூளி கட்டுகிறோமல்லவா, அதுபோலக் கழன்று விழும் மூக்கை இந்தக் குறுக்குச் சங்கிலிகள் ஏந்திக்கொள்ளும். மூக்கு தரையில் குத்தினால் டிரெய்லர் அந்த இடத்திலே ஈட்டியை ஊன்றியதுபோல் நின்று கவிழும். தூளியில் விழுந்தால் நீங்கள் ஓரமாக ஒதுங்க அவகாசம் கிடைக்கும். திரும்புவதற்கு வேண்டிய தொய்வு இருக்கட்டும். தரையில் உரசித் தீப்பொறி பறக்கும் தொய்வு வேண்டாம். விளக்குக் கம்பியை இணைத்தபின் ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக், இடது, வலது என்று போட, மற்றவர் பின்னால் நின்று சொல்லட்டும். கணவன் மனைவியாகச் செய்தால் இரண்டு நிமிஷ வேலை.

காரை டிரெய்லரோடு பிணைக்கும் பட்டைகள் டயரின்மேல் வளைந்து இறங்குபவை. பட்டையை இறுக்கும் ராட்செட்டை ஆட்ட ஆட்டக் 'கிளிக், கிளிக்' என்று ஒலிக்கும். பட்டையைச் சுண்டினால் தந்திபோல் அதிர வேண்டும். கார் பார்க்கில் இருக்கட்டும், கைப்பிரேக்கும் போட்டிருக்கட்டும். இவ்வளவும் செய்து புறப்பட்ட பிறகு ஐந்தாவது மைலில் நிறுத்தி இறங்குங்கள். இது என் அனுபவம்: எத்தனை இறுக்கிக் கட்டினாலும், டயர் குலுங்கி அமர்ந்து, பட்டை படிந்து, அந்த முதல் ஐந்து மைலுக்குள் இரண்டு மூன்று 'கிளிக்' அளவுக்குத் தளர்ந்திருக்கும். மீண்டும் இறுக்கியபின் அது அப்படித் தளர்வது அபூர்வம். ஆயினும் பெட்ரோலுக்கு நிற்கும் இடந்தோறும் ஒரு கையால் பட்டையையும் மறு கையால் டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதியையும் தொட்டுப் பார்ப்பதை நான் விட்டதில்லை. வெதுவெதுப்பு இயல்பு. ஒரு சக்கரம் மட்டும் கைவைக்க முடியாதபடி கொதித்தால், அங்கேயே நின்று கடைக்காரருக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

இனி நிற்பது. வாடகை டிரெய்லரின் பிரேக் ஒரு விநோதமான உபகரணம். நீங்கள் டிரக்கின் பிரேக்கை மிதிக்கிறீர்கள், டிரக் மெதுவாகிறது, பின்னால் வரும் டிரெய்லர் தன் வேகத்திலேயே வந்து டிரக்கை முட்டுகிறது. அப்படி முட்டுகிற பலமே, மூக்கிலுள்ள ஒரு பிஸ்டனை அழுத்தி, எண்ணெயைக் குழாயில் செலுத்தி, டிரெய்லரின் சக்கரங்களைப் பிடிக்கிறது. எவ்வளவு வேகமாக முட்டுகிறதோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். நல்ல அமைப்புத்தான். ஆனால் முதலில் முட்ட வேண்டும், பிறகுதான் பிடிக்கும் என்பதை மறக்கலாகாது. தனிக் காரில் விடுகிற இடைவெளியைப்போல் இரண்டு மடங்காவது முன்வண்டிக்கும் உங்களுக்கும் இடையே இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி நான் கண்டிப்பாகவே பேசப் போகிறேன், மன்னிக்க வேண்டும். 55 மைலுக்கு மேல் போகாதே என்று யூ-ஹால் டிரெய்லரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் எதையாவது இழுத்துச் செல்லும் வண்டிக்கு 55 மைலே சட்டம். சாலையில் 75 என்று பலகை நிற்கிறது, எல்லோரும் நம்மைக் கடந்து போகிறார்கள், நாம் மட்டும் ஊர்ந்துகொண்டிருப்பதா என்று மனம் கேட்கும். கேட்கட்டும்! பாய்ந்து செல்லும் பொருளின் சக்தி வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைச் சாலையில் போட்டுப் பாருங்கள். 55 இல் இருந்து 70 ஆக்கினால், வேகம் நூற்றுக்கு 27 தான் கூடுகிறது. பிரேக் விழுங்க வேண்டிய சக்தியோ நூற்றுக்கு 60 க்கு மேல் கூடிவிடுகிறது. லாபம் என்ன? 800 மைல் பயணத்தில் மூன்று மணி நேரம். டென்வரில் அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறோம்? இரவு ஓரிடத்தில் தங்கிப் போங்கள். குழந்தைகளும் உறங்கி எழும்.

டென்வர் வழியில் நியூ மெக்ஸிகோவும் கொலராடோவும் சந்திக்கும் இடத்தில் ரட்டோன் கணவாய் இருக்கிறது. 7,834 அடி உயரம். ஏறும்போது எல்லோரும் பயப்படுகிறார்கள். எஞ்சின் உறுமுகிறது, வேகம் 40 ஆகக் குறைகிறது, சூடு காட்டும் முள் சற்று உயர்கிறது. அவ்வளவுதான், வலதுபக்கத் தடத்தில் பொறுமையாக ஏறிவிடலாம். பயப்பட வேண்டியது உச்சியைத் தாண்டி டிரினிடாட் ஊரை நோக்கி இறங்கும்போது. பத்தாயிரம் பவுண்டுக்கு மேற்பட்ட எடை உங்களை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் காய்ந்து, கருகிய வாடை எழும்பி, பிறகு மிதித்தாலும் பிடிக்காத நிலை வந்துவிடும். உச்சியிலேயே, இறக்கம் தொடங்குவதற்கு முன்பாகவே, கியரைக் குறைத்துக்கொண்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும்படி இறங்க வேண்டும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு என்று நம் ஊர் மலைப்பாதை லாரி ஓட்டிகள் சொல்வது இங்கும் செல்லும். வேகம் மீறும்போது பிரேக்கை உறுதியாக ஒருமுறை மிதித்து, வேகம் தணிந்ததும் முழுக்க விட்டுவிடுங்கள்; பிரேக்குக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள்.

பின்னோக்கி ஓட்டும் வித்தையைச் சொல்லால் கற்பிக்க முடியாது. அதைக் காலி மைதானத்தில் அரைமணி நேரம் பழக வேண்டும். திருப்புச் சக்கரத்தின் அடிப்பாகத்தில் கையை வைத்து, டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோனால் போதும் என்ற ஒரு குறிப்பை மட்டும் சொல்லி வைக்கிறேன். கூடுமானவரை, முன்னோக்கியே நுழைந்து முன்னோக்கியே வெளியேறும் இடங்களிலே நிறுத்துங்கள்.

அன்பர்களே, நான் அன்று ரட்டோனை இறங்கி டிரினிடாடில் நிறுத்தியபோது, என் மகள்தான் முதலில் இறங்கி ஓடினாள். எங்கே ஓடினாள் என்று பார்த்தால், டிரெய்லரிடம். சில்ட்ரஸில் நான் செய்ததைப் பார்த்து வைத்திருந்தவள், தன் சிறு கையால் பட்டையைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று அவளும் டிரக் ஓட்டுகிறாள். அவளும் டிரெய்லர் இழுத்திருக்கிறாள்.

பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இன்று காலையிலேயே ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்து, இந்த மண்டபத்தின் பின்புறத்து வாகன நிறுத்துமிடத்தில் என் பிக்கப்போடு நிறுத்தி வைத்திருக்கிறேன், இன்னும் பூட்டவில்லை. அடுத்த மாதம் ஊர் மாறப்போகும் இளைஞர்கள் நான்கு பேர் இந்தச் சபையில் இருப்பதாகத் தலைவர் சொன்னார். அந்த நால்வரும், அவர்கள் மனைவிமாரும், என்னோடு வெளியே வாருங்கள். பந்து உங்கள் கையில். அதன் உச்சியில் பொறித்த எண்ணை முதலில் யார் படிக்கிறீர்களோ அவர்களே பூட்டுங்கள். இருட்டிவிட்டது, கைபேசியின் விளக்கே போதும்.